கை எடுத்தாச்சா? கோட்டையூர் வீட்டில் ஒரு ஸ்டாப் மோஷன் படம்

அய்யனார் கோயிலுக்கு மண் குதிரைகளைத் தூக்கிப் போகும் புரவி எடுப்பு ஊர்வலத்திலிருந்து நழுவும் ஒரு மண் குதிரை, வழியில் திறந்து கிடக்கும் வீட்டின் வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், நுழைந்துவிடுகிறது. அங்கே ஒரு ஆச்சி பனை ஓலையில் கொட்டான் என்ற கூடை பின்னிக்கொண்டிருக்கிறார். குதிரை எட்டிப் பார்க்கிறது, ஆச்சி விரட்டவில்லை. கதை இவ்வளவுதான். வசனம் கிடையாது. ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. காரைக்குடியில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இதை ஸ்டாப் மோஷனில் எடுத்தோம், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுத்து, வரிசையாக ஓட்டும் முறையில். குழுவில் என் வேலை நோட்டு எழுதுவது. அதனால்தான் இந்தப் பதிவும் என் தலையில் விழுந்தது.

முதலில் கணக்கு. சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஸ்டாப் மோஷனில் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியானால் விநாடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720 படம். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் படம் எடுப்பது ஒரு நொடி வேலை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில், நகர்த்த வேண்டிய ஒரு பொருளைத் தவிர வேறு எதையும் ஐந்து பேரில் ஒருவர்கூட இடிக்காமல், நகர்த்தாமல், நிழல்கூட விழ விடாமல் இருப்பதுதான் கஷ்டம். குழுவாகச் செய்வது என்றால் ஆளுக்கொரு கை போடுவது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். கடைசியில் யார் எப்போது கையை எடுக்க வேண்டும் என்று பழகுவதே பாதி வேலையாக இருந்தது.

ஆச்சியை உட்கார வைத்தது திட்டமிட்டுச் செய்தது. உட்கார்ந்திருக்கும் பொம்மைக்குக் கால் தேவையில்லை, இரண்டு கையும் தலையும் அசைந்தால் போதும். மிச்சமாகும் உழைப்பை எல்லாம் குதிரைக்குக் கொடுக்கலாம். நான்கு கால் பிராணியை நடக்க வைப்பதுதான் இந்தப் படத்தின் மொத்தச் சவால் என்று தெரிந்தே இறங்கினோம்.

சிவகங்கை மாவட்டத்து ஊர்களில் அய்யனாருக்கு மண் குதிரை எடுப்பது பழைய வழக்கம். ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுத்த பிறகுதான் மண் வேலை செய்யும் வேளார் வேலையைத் தொடங்குவார். உடம்பும் கால்களும் உள்ளே கூடாக, சக்கரத்திலும் கையிலுமாக உருவாகிச் சூளையில் வெந்து, வண்ணம் பூசிக்கொண்டு, ஆட்களின் தோளில் ஏறிக் கோயிலுக்குப் போகும். அந்தக் கால்களைக் கவனித்திருப்பீர்கள். நேரான உருளைகள், முழங்காலே இருக்காது. நின்று காவல் காக்கும் குதிரைக்கு முழங்கால் எதற்கு?

எங்கள் குதிரை நடக்க வேண்டுமே. இங்கேதான் முதல் சண்டை. பொம்மை செய்தவள், "மண் குதிரை மண் குதிரை மாதிரிதான் நடக்கணும், காலை மடக்கக் கூடாது" என்றாள். அனிமேட் செய்யப் போகிறவன், "மடக்காம நடந்தா நாற்காலி நடக்கிற மாதிரி இருக்கும்டி" என்றான். நிஜக் குதிரை நடக்கும் வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். இந்த விஷயத்துக்கெல்லாம் மூத்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878இல் ஓடும் குதிரையை வரிசையாகக் கேமராக்கள் வைத்துப் படம் பிடித்து, பாய்ச்சலில் ஒரு கணம் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவதைக் காட்டியவர். ஓவியர்கள் அதுவரை வரைந்ததுபோலக் கால்கள் விரிந்திருக்கும்போது அந்தக் கணம் வரவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது வந்தது. எங்களுக்குப் பாய்ச்சல் தேவைப்படவில்லை, நடை போதும். நடையில் வரிசை இது: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு கால் தரையில் இருக்கும்.

முடிவில் மடக்காத கால்தான் ஜெயித்தது. அழகுக்காக மட்டும் இல்லை. முழங்காலிலும் கம்பி வளைத்தால் காலுக்கு மூன்று மூட்டு, நான்கு காலுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பன்னிரண்டையும் சரி பார்ப்பதை நினைத்தாலே கை வலித்தது. விறைத்த காலோடு நடப்பதற்கு உடம்பு இடமும் வலமும் கொஞ்சம் ஆட வேண்டும், அப்போதுதான் கால் தரையை விட்டு எழும். அந்த ஆட்டமே குதிரைக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிட்டது. திருட்டுத்தனமாக வீட்டுக்குள் நுழைகிற, ஆனால் சத்தம் போடாமல் நடக்கத் தெரியாத குதிரை.

கால் மடங்காவிட்டாலும் கணுக்காலில் ஒரு வளைவு வேண்டும் என்பது செய்யும்போதுதான் புரிந்தது. பாதம் தரையில் பதிந்திருக்க, உடம்பு முன்னே போகப் போக, கால் சாய்கிறது. கணுக்காலில் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பாதம் தரையிலிருந்து எழும்பிவிடும். அதனால் பாதத்துக்கு மேலே அரை அங்குலம் கம்பியை வெறுமனே விட்டு, மஞ்சள் நூலைச் சுற்றிச் சலங்கை போலக் காட்டி மறைத்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் சலங்கையைப் பாராட்டினார்கள்.

உடம்பைத் தெர்மாகோலில் செதுக்கி, மேலே கடையில் விற்கும் எண்ணெய்க் களிமண்ணை மெல்லிய தோலாகப் பூசினோம். கண்மாய்க் களிமண்ணில் செய்ய ஆசைதான். ஆனால் அது காயக் காய வெடிக்கும், கம்பியைச் சுற்றிப் பூசினால் முதல் அசைவிலேயே உதிரும். எண்ணெய்க் களிமண் காயாது. ஆனால் இளகும். நாங்கள் எடுத்தது சித்திரை வெயிலில். கைச்சூடும் சேர்ந்துகொண்டால் குதிரையின் கழுத்து மெழுகாகத் தொங்கிவிடுகிறது. களிமண் தோல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது என்பது இந்த ஊர் வெயிலுக்கான பாடம். எடை குறையும், தொங்காது, விரல் தடம் விழுந்தாலும் தேய்த்துச் சரிசெய்ய எளிது. கால்களுக்கு அலுமினியக் கம்பி இரண்டு இழையை டிரில்லிங் மெஷினில் மாட்டி முறுக்கிக்கொண்டோம். இரும்புக் கம்பி வளைத்தால் திரும்பி எழும், வைத்த இடத்தில் நிற்காது. அலுமினியம் நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் களைத்து ஒடியும். ஆகவே மாற்றுக் கால்கள் ஒரு டப்பா நிறையத் தயாராக வைத்திருந்தோம். டப்பா காலியானது.

ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் 3 மி.மீ. நட்டு ஒன்றை எம்-சீல் பசை வைத்துப் பதித்தோம். தரைக்கு ப்ளைவுட் பலகை. பலகையின் துளை வழியாக அடியிலிருந்து போல்ட் ஏறி நட்டைப் பிடித்துக்கொண்டால் ஒற்றைக் காலைத் தூக்கினாலும் குதிரை சாயாது. இதற்கு ஒரு ஆள் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எங்கள் குழுவிலேயே உயரமானவன்தான் அந்த வேலைக்கு வாய்த்தான், வேறு வழியில்லை. இரண்டு பெஞ்சுக்கு நடுவே பலகை, பலகையின் நான்கு மூலையிலும் ஆடாமலிருக்கக் கனமான சாமான்கள். ஒரு மூலையில் அம்மிக் குழவி, இன்னொன்றில் பழைய இரும்பு இஸ்திரிப்பெட்டி. அவன் அடியிலிருந்து திருகும்போது பலகை நடுங்கியது, குழவி வந்த பிறகு அது அடங்கியது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. செட்டிநாட்டு வீடு என்று சொல்ல அது ஒன்றே போதும். நிஜக் கல்லையே பரப்பலாம் என்றுதான் முதலில் யோசித்தோம். மூன்று காரணத்தால் விட்டோம். அதில் துளை போட மனசு வராது. ஏழு அங்குலக் குதிரைக்கு அந்தப் பூ வடிவங்கள் ராட்சசத்தனமாக இருக்கும். மூன்றாவது, பளபளப்பு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள். அச்சின் அறைகளுக்குள் கலர்க் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். மெருகு போடாமலே கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். வீட்டுக்கு அழகு, கேமராவுக்கு எதிரி. விளக்கு அப்படியே அதில் தெரியும், குனிந்து நிற்பவனின் சட்டையும் தெரியும். எனவே ப்ளைவுட்டில் ஓர் அங்குலக் கட்டங்கள் கோடு போட்டு, அட்டையில் ஸ்டென்சில் வெட்டி, மங்கலான பெயின்ட்டில் பூ வடிவத்தை ஒற்றி எடுத்தோம்.

அந்தக் கட்டங்கள் அளவுகோலாகவும் பயன்பட்டன என்பதுதான் இதில் பெரிய லாபம். குதிரை நான்கு காலையும் ஒரு முறை எடுத்து வைத்தால் நான்கு கட்டம், அதாவது 4 அங்குலம். அதற்கு 16 படம். ஆக, ஒரு படத்துக்கு உடம்பு கால் அங்குலம் முன்னே போகும், நான்கு படத்துக்கு ஒரு கால் இறங்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள தூரத்தையும் 4 அங்குலமாகவே செய்திருந்ததால், முன்னங்கால் விட்ட துளையிலேயே பின்னங்கால் வந்து இறங்கியது. நிஜக் குதிரையின் தடங்களும் ஏறக்குறைய இப்படித்தான் விழும். துளை பாதியாகக் குறைந்தது. கால் எடுத்த துளையை அதே நிறக் களிமண்ணால் அடைத்துவிடுவோம்.

இனி இடம். குழுவில் ஒருத்தியின் ஐயா வீடு கோட்டையூரில். வருஷத்தில் பாதி நாள் பெரும்பாலான அறைகள் பூட்டிக் கிடக்கும், விசேஷம் என்றால் எல்லாப் புள்ளிகளும், அதாவது எல்லாக் குடும்பங்களும், வந்து கூடுவார்கள். அவளுடைய ஆச்சி மட்டும் அங்கேயே இருக்கிறார். வளவைப் பார்த்ததும் எங்களுக்கு வாயெல்லாம் பல். மேலே திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தரையில் வெயில். அங்கேயே பலகையைப் போட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். சில விநாடி ஓடும் காட்சிக்குள் வெயில் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஓடியது, நடுநடுவே மேகம் வந்து படம் இருண்டு இருண்டு வெளிச்சமானது. குதிரை நடப்பதைவிடச் சூரியன் வேகமாக நடந்தது.

வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளில் ஒன்றுக்கு மாறினோம். சீர்ச் சாமான்கள் அடுக்கி வைக்கும் அறை, கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் இருட்டு. ஸ்டாப் மோஷனுக்கு அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடைக்காது. சுவர் தடிமன், அதனால் வெளிச் சூடு மெதுவாகத்தான் ஏறும். தரை உறுதி, யாராவது நடந்தாலும் அதிராது. மாடியில் மரத்தளத்தில் எடுத்திருந்தால் ஒவ்வொரு காலடியும் படத்தில் தெரிந்திருக்கும். ஒரே குறை, மின்விசிறி போட முடியாது. போட்டால் ஆச்சி பொம்மையின் சேலை ஆடும், ஓலைத் துண்டுகள் பறக்கும். போதாக்குறைக்கு எல்லாரும் கறுப்புச் சட்டை. வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் நகர்ந்தால் அந்த வெளிச்சம் பலகையில் பட்டுப் படத்துக்குப் படம் மாறும். சித்திரை மாதம், மூடிய அறை, விசிறி இல்லை, கறுப்புச் சட்டை. ஆச்சி அவ்வப்போது கதவைத் தட்டி மோர் கொடுத்துவிட்டு, "இதுக்குப் பேரு படிப்பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

விளக்கு இரண்டு எல்.இ.டி. பல்பு, முன்னால் டிரேசிங் பேப்பர். கேமரா ஒரு ஃபோன். ஃபோனில் எடுப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது, எதையும் அதன் இஷ்டத்துக்கு விடாமல் பூட்டுவது. ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிறச் சமநிலை எல்லாம் மேனுவல். ஆட்டோவில் விட்டால் கறுப்புச் சட்டைக்காரன் விலகியதும் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, ஓட்டிப் பார்க்கும்போது மினுமினுக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகளின் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், சில மலிவான எல்.இ.டி.களிலும் இது உண்டு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/10 விநாடியாக வைத்தால் பத்து ஏற்ற இறக்கமும் ஒரே படத்துக்குள் சராசரியாகிவிடும். பொம்மைதான் அசையாமல் நிற்கிறதே, நீண்ட ஷட்டருக்குப் பயமில்லை. ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவையும் குறைத்துவிடலாம், புள்ளி புள்ளியாகத் தெரியாது. ஃபோனைத் தொடாமல் எடுக்க ப்ளூடூத் ரிமோட், முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ஸ்டாப் மோஷன் ஆப், ஃபிளைட் மோடு. சார்ஜர் ஒயரை ஷாட்டுக்கு நடுவில் செருகக் கூடாது, முதலிலேயே செருகி டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஸ்டாண்டின் கால்களையும் தரையோடு ஒட்டினோம்.

இப்போது கைகளைப் பற்றி. ஆரம்பத்தில் இருவர் மாறி மாறிக் குதிரையை நகர்த்தினார்கள். ஒருவன் களைத்தால் இன்னொருத்தி. நியாயமான ஏற்பாடுதானே? ஓட்டிப் பார்த்தால் ஒரே குதிரைக்குள் இரண்டு குதிரை. அவன் கையில் கனமாக, யோசித்து யோசித்து நடந்தது, அவள் கையில் துள்ளியது. அளவு ஒன்றுதான், கால் அங்குலம்தான். ஆனால் கால் இறங்கும்போது தலை எவ்வளவு தாழ்கிறது, உடம்பு எந்தப் படத்தில் சாயத் தொடங்குகிறது என்பதெல்லாம் அளவுகோலில் வராது. அவரவர் கையெழுத்து. கனமான பொருள் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். அதனால் முதல் படத்துக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அடுத்து எட்டில் ஒன்று, அப்புறம்தான் கால் அங்குலம் என்று எழுதி வைத்தும், இருவரும் அதை வேறு வேறாகவே செய்தார்கள். எனக்கு அவளுடைய துள்ளல்தான் பிடித்திருந்தது. ஆனால் மண் குதிரைக்குப் பொருந்தியது அவன் நடை.

அதன் பிறகு நேரத்தைப் பிரிப்பதை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பிரித்தோம். குதிரை முழுக்க அவனுக்கு, ஆச்சியின் கைகள் முழுக்க அவளுக்கு. குதிரை ஓடும் ஷாட்டில் அவள் பொம்மையைத் தொடக் கூடாது, ஃபோன் திரையைத்தான் பார்க்க வேண்டும். இது சொல்ல எளிது. கண் முன்னால் காது ஒரு பக்கம் சரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கையை நீட்டாமல் வாயால் மட்டும் சொல்வதற்குப் பெரிய பொறுமை வேண்டும். முதலில் அது முகத்தூக்கலாகத்தான் போனது. பிறகு ஓர் ஒழுங்கு பிறந்தது. அடியில் படுத்திருப்பவன் "இறுக்கியாச்சு" என்பான். குதிரைக்காரன் நகர்த்துவான். திரை பார்ப்பவள் "கை எடுத்தாச்சா?" என்று கேட்பாள், அவன் "எடுத்தாச்சு" என்ற பிறகு, பலகையின் நடுக்கம் அடங்க மனசுக்குள் மூன்று எண்ணி, ரிமோட்டை அழுத்துவாள். நான் நோட்டில் டிக் போடுவேன். ஐந்தாவது ஆள் விளக்கையும் கதவையும் பார்த்துக்கொள்வான். யார் கதவைத் தட்டினாலும் இருமித் தடுத்து நிறுத்துவது அவன் வேலை.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். அனிமேஷன்காரர்கள் இதை எக்ஸ்-ஷீட் என்பார்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: "ஷாட் 7, படம் 41. வலது முன் இறங்கியது. தலை இன்னும் 5 படத்துக்குத் தாழ்வு. 44இல் ஆச்சி கண் இமை." எந்தக் கால் அடுத்தது என்பது நான்காவது மணி நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சண்டை வந்தால் நோட்டைப் பார்க்கலாம், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொரு விதியும் அதிலிருந்து வந்தது. குதிரையின் நான்கு காலும் தரையில் இறங்கி நிற்காமல் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. தூக்கிய காலோடு விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அது அதே இடத்தில் இருக்காது.

கொட்டான் தனிக் கதை. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேருக்குப் பொருத்தமாக, பின்னப் பின்னக் கொட்டான் வளர்வதைப் படத்தில் காட்ட வேண்டும். பின்னி முடித்த குட்டிக் கொட்டானை ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டே எடுத்து, பின்னாலிருந்து முன்னாக ஓட்டிவிடலாம் என்று நான்தான் சாமர்த்தியமாக யோசனை சொன்னேன். ஆச்சி கேட்டுச் சிரித்தார். "பின்னுன ஓலையைப் பிரிச்சா மடிப்பு அப்படியே நிக்கும்ப்பா, புது ஓலை மாதிரி எப்படிக் காட்டுவீங்க?" ஒரு வேலை தெரிந்தவரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் எவ்வளவு மிச்சம். ஆச்சி பனை ஓலையை ஊசியால் மெல்லிய கீற்றாகக் கிழித்து, தீப்பெட்டி அளவில் வரிசையாகக் கொட்டான்கள் பின்னிக் கொடுத்தார். ஒன்று அடி மட்டும், அடுத்தது ஒரு வரிசை, அதற்கடுத்தது இரண்டு வரிசை. கையை மேலே கொண்டுவந்து மறைக்கும் படத்தில் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம். பின்னுவதற்கு ஓலை ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் நிறம் வெளுத்துக் கொஞ்சம் சுருங்கும். அதனால் எல்லாவற்றையும் பின்னி, ஒன்றாக உலர்த்திய பிறகே ஷாட்டை ஆரம்பித்தோம். பொம்மைக்குக் காரைக்குடிக் கண்டாங்கி கட்ட வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. ஆனால் நிஜக் கண்டாங்கியின் கட்டம் பொம்மையின் உடம்பைவிடப் பெரிசு. வெறும் துணியில் கோடு வரைந்து, நீர்த்த ஃபெவிக்காலில் முக்கி விறைப்பாக்கிக் கட்டினோம்.

ஒலிக்கு அதிகம் மெனக்கெடவில்லை. குதிரையின் காலடிக்குச் சுட்ட மண் மூடியால் வளவுத் தரையைத் தட்டினோம், அது நன்றாகவே அமைந்தது. புறாக்களின் சத்தம் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தது, விட்டுவிட்டோம். எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில். படங்களை எண் வரிசையில் விநாடிக்கு 12 என்று ஏற்றினால் வேலை ஆரம்பித்துவிடும். குதிரை படியேறும் ஷாட் ஒன்று இருந்தது. தனியாகப் பார்த்தால் அதுதான் எங்கள் வேலையிலேயே நேர்த்தியானது. படத்தில் வைத்தால் கதை அங்கே நின்றுவிடுகிறது. அதை வெட்டலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினோம். அடியில் படுத்திருந்தவன் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டான். படிக்கட்டுக்கு அடியில் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அவன் பக்கம் நியாயம் இருந்தது, ஆனாலும் வெட்டினோம்.

பலகை இப்போது ஜூனியர்களிடம் இருக்கிறது. துளை வரிசையும் கட்ட அளவும் பின்பக்கம் மார்க்கரில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் கோழியை நடக்க வைக்கப் போகிறார்களாம், இரண்டே கால் என்பதால் வேலை பாதியாகும் என்று ஒரு கணக்கு. குதிரைக்கு ஒரு காலைத் தூக்கினாலும் தாங்க இரண்டு மூன்று கால் மிச்சம் இருக்கும். கோழிக்கு மொத்த உடம்பும் ஒரே போல்ட்டில் நிற்க வேண்டும். 3 மி.மீ. போதாது, 4 போடுங்கள், உடம்பைத் தெர்மாகோலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். பலகைக்கு அடியில் படுப்பது யார் என்று இன்னும் முடிவாகவில்லையாம்.